வேகமான வன்தட்டும் வேறோர் ஊரும்

மடிக்கணினிக்குக் காப்புப் பிரதி எடுக்க எந்த வெளிவாரி வன்தட்டை வாங்குவது என்று என்னிடம் கேட்கும் பெற்றோர்களும் மாணவிகளும் அநேகமாக இரண்டு விடயங்களைத்தான் கேட்கிறார்கள். எத்தனை டெராபைட்? என்ன விலை? கேட்கவேண்டிய வேறு இரண்டு விடயங்கள் இருக்கின்றன. அது எவ்வளவு வேகமாக எழுதும்? எழுதிய பிறகு அதை எங்கே வைப்பது? இக்கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்குமானது.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்பொழுது கதிரவெளிப் பக்கத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். காப்புப் பிரதி என்பது பாடப் புத்தகத்தில் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும் விடயம். ஆனால் நான் கற்பிக்கும் ஊரில் அதற்கு வேறொரு கனம் உண்டு. ஆகவே ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

கதிரவெளி கற்பிக்கும் பாடம்

வாகரைக்கு வடக்கே, வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, கடலோரம் இருக்கிறது கதிரவெளி. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே புரட்டிப்போட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து 40இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் எஞ்சியோர் கையில் கிடைத்ததோடு காட்டுவழியாகவும் களப்புவழியாகவும் வெளியேறினார்கள்.

உயிரிழப்பின் முன்னால் கடதாசியின் இழப்பைப் பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிர் தப்பியவர்கள் மறுநாளே கடதாசியைத் தேடவேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு ஆகியவை இல்லாமல் நிவாரணமும் கிடைக்காது, பாடசாலை அனுமதியும் கிடைக்காது.

பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு அது மீண்டும் கிடைத்தது. எப்படி? அதன் பதிவு வீட்டில் மட்டும் இருக்கவில்லை. அரசாங்கத்தின் பதிவேட்டில், வேறொரு கட்டடத்தில், வேறொரு ஊரில் இருந்தது. பரீட்சைப் பெறுபேறும் அப்படித்தான். பரீட்சைத் திணைக்களத்தில் ஒரு பதிவு இருந்ததால் மறுபடி எடுக்க முடிந்தது. ஆனால் என் மாணவியொருத்தியின் தாய் சொன்னார்: "டீச்சர், சேட்டிபிக்கேட் எல்லாம் திரும்ப எடுத்திட்டம். எங்கட கலியாணப் படம் ஒண்டுதான் இல்ல. அம்மாட முகத்தப் பிள்ளையளுக்குக் காட்ட ஒண்டும் இல்ல." அந்தப் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்தது. ஒன்றே ஒன்றாக இருந்தவை போயின. இன்னோர் இடத்தில் இன்னொன்று இருந்தவை திரும்பி வந்தன. காப்புப் பிரதியைப் பற்றி நான் வகுப்பில் சொல்வதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

2020இல் கொரோனாவின்போது பாடம் வீட்டுக்கு வந்தது. அதோடு பல வீடுகளுக்கு மடிக்கணினியும் வந்தது. இன்று பிள்ளையின் குறிப்புகள், செயற்றிட்டம், பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை, குடும்பப் படங்கள், வாப்பாவின் கணக்குகள், மர்ஹூமாகிவிட்ட மூத்தம்மாவின் குரற்பதிவு என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. அந்தப் பெட்டி தேநீர்க் கோப்பை ஒன்று கவிழ்ந்தாலே நின்றுவிடக்கூடியது.

எது காப்புப் பிரதி, எது இல்லை

முதலில் ஒரு தெளிவு. மடிக்கணினியில் இடம் போதாமல் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் உள்ளதை அழிப்பது காப்புப் பிரதி அல்ல, அது இடமாற்றம். முன்னர் கணினியில் ஒன்றாக இருந்தது இப்பொழுது டிஸ்க்கில் ஒன்றாக இருக்கிறது. ஆபத்து குறையவில்லை, இடம்தான் மாறியது. ஒரே கோப்பு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்களில் இருந்தால்தான் அதைக் காப்புப் பிரதி என்று சொல்லலாம்.

வேகம் ஏன் வேண்டும்?

"இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும்தானே, வேகம் எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எனது அனுபவத்தில், இரவு முழுக்க எடுக்கும் காப்புப் பிரதியை மக்கள் வருடத்தில் ஒருமுறை எடுப்பார்கள். பத்து நிமிடத்தில் முடிவதை வாரம் ஒருமுறை எடுப்பார்கள். இழப்பு நேரும் நாளில் நமக்குக் கிடைப்பது கடைசியாக எடுத்த பிரதிதான். அது போன வாரத்தினுடையதா, போன நோன்பினுடையதா என்பதில் ஓர் ஆய்வுக் கட்டுரையே அடங்கியிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான நாட்களில் கணினியின் மின்கலம் தீருமுன் வேலை முடியவேண்டும். வெளிவாரி வன்தட்டும் அதே மின்கலத்தில்தான் ஓடுகிறது. பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, சிலவேளை தட்டின் அட்டவணையே பழுதாகிவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு மாணவியிடம் 200 ஜிகாபைட் தரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய யூ.எஸ்.பி. 2.0 துளை வழியாக நடைமுறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 35 மெகாபைட் போகும். 200 ஜிகாபைட் போக ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாகும். யூ.எஸ்.பி. 3.0 துளையில் சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகினால் செக்கனுக்குச் சுமார் 120 மெகாபைட். 28 நிமிடத்தில் முடியும். அதே துளையில் எஸ்.எஸ்.டி. ஒன்றைச் செருகினால் சுமார் 400 மெகாபைட். எட்டரை நிமிடத்துக்குள் முடியும். இன்னும் புதிய 10 ஜிகாபிட் துளையில் வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்று 900 மெகாபைட் வரை எழுதினால் நாலு நிமிடம்கூட ஆகாது. இவை பெரிய கோப்புகளுக்கான கணக்கு. சிறிய கோப்புகளில் கதை வேறு. அதை விளங்க உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

சுழலும் தட்டும் சுழலாத சிப்பும்

ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையிலேயே ஒரு தட்டு. கைக்கடக்கமான வகைகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. தலைமயிரின் தடிப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு முனை அதன்மேல் மிதந்துகொண்டே எழுதுகிறது, வாசிக்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய இடம் முனையின் கீழே வரும்வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை தடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கோப்பை அணுக ஏறத்தாழ 15 மில்லிசெக்கன். ஒன்றுக்கு இது ஒன்றுமில்லை. 40,000 சிறிய படங்களும் குறிப்புகளும் இருந்தால், இடம் தேடுவதற்கு மட்டும் பத்து நிமிடம் போய்விடும். ஒரே பெரிய வீடியோவை விரைவாக எழுதும் தட்டு, வட்ஸ்அப் படங்களில் ஊர்ந்து போவதன் காரணம் இதுதான்.

சில ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னொரு சங்கதி. அதிக கொள்ளளவுக்காகத் தரவுத் தடங்களைக் கிடுகு வேய்வதுபோல ஒன்றின் ஓரத்தில் மற்றொன்றை ஏற்றி எழுதுவார்கள். கூரையில் அடிக்கிடுகு ஒன்றை மாற்றவேண்டுமானால் மேலே உள்ளவற்றைக் கழற்றி மீண்டும் வேயவேண்டும் அல்லவா? அதுபோலவே இதிலும் பழைய தரவை மாற்றி எழுதும்போது வேகம் விழுந்துவிடும். புதிதாக வாங்கியபோது நன்றாக ஓடியது ஆறு மாதத்தில் ஏன் இப்படி ஆனது என்று கேட்பவர்களுக்கு, பல வேளைகளில் இதுவே பதில்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும் சிப்புகள்தான். எந்த இடத்தையும் தேடிப்போகும் நேரம் ஏறத்தாழ பூச்சியம். அதனால் சிறிய கோப்புகளில் அதன் வேகம் ஹார்ட் டிஸ்க்கில் குறையும் அளவுக்குக் குறையாது. புத்தகப் பையிலிருந்து கீழே விழுந்தாலும் முனை தட்டில் உராயும் ஆபத்து இல்லை. விடுதிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலையும் பிள்ளைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அதற்கும் குறை உண்டு. ஒன்று, அதே கொள்ளளவுக்கு விலை கூட. 4 டெராபைட் போன்ற பெரிய அளவுகளில் வித்தியாசம் மிகவும் கூட. இரண்டு, சிப்பிலுள்ள மின்னேற்றம் காலப்போக்கில் மெல்லக் கசியும். அலுமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடக்கூடிய சாதனம் அல்ல அது. சில மாதங்களுக்கு ஒருமுறை செருகி உயிரூட்ட வேண்டும். மூன்று, எஸ்.எஸ்.டி. பழுதானால் உள்ளேயிருப்பதை மீட்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் மீட்பதைவிடக் கடினம்.

துளையும் வயரும்

வன்தட்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது போகும் பாதை ஒடுக்கமாக இருந்தால் பயனில்லை. ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் மடிக்கணினியின் பக்கவாட்டைப் பாருங்கள்.

செவ்வகத் துளையின் உள்ளே நாக்குப் போன்ற பகுதி கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2.0. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 480 மெகாபிட். நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0, அதாவது 5 ஜிகாபிட். நிறத்தை எல்லாக் கம்பனிகளும் பின்பற்றுவதில்லை. ஆகவே கணினியின் மாதிரி இலக்கத்தை இணையத்தில் தேடி அதன் விபரத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. 2008இல் யூ.எஸ்.பி. 3.0 என்று வந்ததற்கே பிறகு 3.1 ஜென் 1 என்றும், அதன் பிறகு 3.2 ஜென் 1 என்றும் பெயர் வைத்தார்கள். மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். ஜென் 2 என்றால் 10 ஜிகாபிட். ஜென் 2 பெருக்கல் 2 என்றால் 20 ஜிகாபிட். பெட்டியில் 3.2 என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை. எத்தனை ஜிகாபிட் என்று கேளுங்கள்.

பிட்டும் பைட்டும் ஒன்றல்ல என்பதையும் மறக்கவேண்டாம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 5 ஜிகாபிட்டை 8ஆல் வகுத்தால் 625 மெகாபைட். அதில் ஐந்திலொரு பங்கு குறியீட்டு முறைக்கே போய்விடும். எஞ்சும் 500இல் நடைமுறையில் 400 முதல் 450 வரை கிடைக்கும்.

சிறிய நீள்வட்டமான டைப்-சீ துளையைப் பார்த்ததும் புதியது, வேகமானது என்று நினைத்துவிடக் கூடாது. டைப்-சீ என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதன் பின்னால் 480 மெகாபிட்டும் இருக்கலாம், 40 ஜிகாபிட்டும் இருக்கலாம். வயரும் அப்படித்தான். போன் சார்ஜருடன் வரும் டைப்-சீ வயர்களில் பல 2.0 வேகத்தையே தாங்கும். வன்தட்டுப் பெட்டியில் வந்த வயரையே பயன்படுத்துங்கள். அதற்குப் பெயர் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சாம்சங் கம்பனி 2017இல் வெளியிட்ட டீ5 என்ற எஸ்.எஸ்.டி.யின் உச்ச வேகம் 540 மெகாபைட். 2020இல் வந்த டீ7இற்கு 1050. 2023இல் வந்த டீ9இற்கு 2000. கேட்கும்போது டீ9தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த 2000 கிடைக்க 20 ஜிகாபிட் துளை வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளில் அது இல்லை. 5 ஜிகாபிட் துளை மட்டுமுள்ள கணினியில் மூன்றும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஓடும். ஒற்றையடிப் பாதையில் சைக்கிளும் ஒன்றுதான், காரும் ஒன்றுதான்.

இன்னொன்றும் பார்க்கவேண்டும். இரண்டாங்கையாக வாங்கிய மடிக்கணினிகள் பலவற்றின் உள்ளேயே பழைய சுழலும் தட்டுத்தான் இருக்கிறது. அது வாசித்துக் கொடுக்கும் வேகம் செக்கனுக்கு 100 மெகாபைட் அளவு. அப்படியானால் வெளியே எவ்வளவு வேகமானதை மாட்டினாலும் கிணறு ஊறும் அளவுக்குத்தான் வாளி நிறையும்.

பெட்டியில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது?

"1000 மெகாபைட் வரை" என்று எழுதியிருக்கும். அந்த "வரை" என்ற சொல்லை அழுத்தி வாசியுங்கள். விலை குறைந்த எஸ்.எஸ்.டி.களில் விறாந்தை போன்ற ஒரு சிறு வேகப் பகுதி இருக்கும். வரும் மூட்டைகளை முதலில் விறாந்தையில் மளமளவென்று இறக்கிவிட்டுப் பிறகு ஆறுதலாக உள்ளறைக்குக் கொண்டுபோகும். விறாந்தை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு மூட்டையும் உள்ளறைக்கே போகவேண்டும். அப்போது வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடுவதும் உண்டு. வாராந்தம் நாலைந்து ஜிகாபைட் எழுதுபவருக்கு இது தெரியவே தெரியாது. முதல்நாள் 200 ஜிகாபைட் எழுதும்போது தெரியும்.

1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் 1000ஆல் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

உண்மையான ஏமாற்று வேறு. இணையத்தில் 16 டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று நம்பமுடியாத மலிவு விலையில் விற்கிறார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே சிறிய மெமரி கார்ட் ஒன்றிருக்கும். கணினிக்கு 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். அது நிறைந்த பிறகு எழுதுபவை பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இப்படியொன்றை வாங்கிய மாணவியொருத்தி மூன்று மாதம் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதிதான் இதிலுள்ள பெரிய தீங்கு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், தட்டு முழுவதையும் எழுதி மீண்டும் வாசித்து உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எதையும், தரவு ஏற்றுமுன் ஒருமுறை இதில் சோதியுங்கள்.

ஆக, எதை வாங்கலாம்?

உங்கள் கணினியில் 2.0 துளை மட்டும் இருந்தால் வேகத்துக்காகக் காசு செலவழிக்கவேண்டாம். பெயர்பெற்ற கம்பனியின் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும். 5 ஜிகாபிட் துளையும் உள்ளே எஸ்.எஸ்.டி.யும் இருந்தால், 500 மெகாபைட் வகுப்பிலுள்ள 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. மிகப் பொருத்தம். 10 ஜிகாபிட் துளை இருந்து, வீடியோ, வடிவமைப்பு போன்ற கனமான வேலை செய்பவர்களுக்கு 1000 மெகாபைட் வகுப்பு பயன்தரும். 2000 வகுப்பை நாடுமுன் துளையைப் பாருங்கள். கொள்ளளவு கணினியின் உள்வட்டைவிட இருமடங்காக இருந்தால் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கலாம்.

துளை தாங்காத வேகத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தை மிச்சம்பிடித்து, அதனோடு சிறிது சேர்த்து, இரண்டாவதாக ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கை வாங்குங்கள். வேகமானது வாராந்தப் பிரதிக்கு. மெதுவானது வேறோர் ஊருக்கு. பெற்றோர்களுக்கு நான் சொல்லும் முக்கிய ஆலோசனை இதுதான்.

வாங்கிய பிறகு

விண்டோஸில் கோப்பு வரலாறு என்ற வசதியும், ஆப்பிள் கணினியில் டைம் மெஷின் என்ற வசதியும் காசில்லாமலே இருக்கின்றன. முதல்முறை எல்லாவற்றையும் எழுதும்; அடுத்தமுறை மாறியதை மட்டும் எழுதும். கையால் இழுத்துப் போடுவதைவிட இது நல்லது. எதை எழுதினோம், எதை விட்டோம் என்று நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

எழுதி முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கழற்றிவிடுங்கள். கழற்றுவது கட்டாயம். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் உலகெங்கும் கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய மென்பொருள்கள் செருகியிருக்கும் வெளிவாரித் தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். கழற்றி வைத்திருப்பதை எதுவும் தொட முடியாது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தட்டில் இருப்பது பாடக்குறிப்பு மட்டுமல்ல, வீட்டுப் பெண்களின் படங்களும்தான். கைக்கடக்கமான பொருள் பஸ்ஸிலும் தொலையும், விடுதியிலும் தொலையும். கடவுச்சொல் இட்டு மறைகுறியாக்கிய தட்டு தொலைந்தால் பணம் மட்டும்தான் நட்டம். சில எஸ்.எஸ்.டி.களில் அந்த வசதி கூடவே வருகிறது. விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லொக்கர் இருக்கிறது. எந்தக் கணினிக்கும் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. கடவுச்சொல்லை மறந்தால் எவராலும் திறக்க முடியாது. ஆகவே அதை ஒரு கடதாசியில் எழுதி உம்மாவிடம் கொடுத்துவையுங்கள். தட்டோடு சேர்த்து வைக்கவேண்டாம்.

மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. நமது கடற்காற்றில் உப்பும் ஈரமும் கூட. மூடியிறுக்கமான டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொதியொன்றோடு வைத்தால் துளைகள் துருப்பிடிக்காது.

வேறோர் ஊர் எது?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 என்றொரு விதி உண்டு. 3 பிரதிகள், 2 வகையான சாதனங்கள், அவற்றில் 1 வேறோர் இடத்தில். முதல் இரண்டும் காசால் ஆகும். மூன்றாவதற்கு உறவு வேண்டும்.

வேறோர் இடம் என்றால் அடுத்த வீடு அல்ல. கதிரவெளியின் கணக்கில் அடுத்த ஊரும் அல்ல. 2004இல் அதே காலைப்பொழுதில் கதிரவெளிக்கு வந்த கடல்தான் நாவலடிக்கும் வந்தது, கல்முனைக்கும் வந்தது, மருதமுனைக்கும் வந்தது. கதிரவெளிப் பிரதியை மருதமுனையில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே நாளில் போயிருக்கும். ஒரே ஆபத்து இரண்டையும் தொடாத இடமாகப் பாருங்கள். மன்னம்பிட்டியில் ஒரு மாமி இருக்கலாம். அக்குறணையில் ஒரு சாச்சி இருக்கலாம். கண்டியில் படிக்கும் ராத்தா இருக்கலாம். பெருநாளுக்குப் போகும்போது தட்டைக் கொண்டுபோய் புதுப்பித்து வைத்துவிட்டு வரலாம். பூட்டிய தட்டு என்பதால் அவர்கள் வீட்டில் இருப்பதில் கூச்சப்படவும் தேவையில்லை.

இணையத்தில் சேமிக்கலாமே என்பார்கள். கூகுள் 15 ஜிகாபைட் வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தில் 200 ஜிகாபைட்டை மேலேற்ற 44 மணித்தியாலம் இடைவிடாமல் இணைப்பு வேண்டும். டேட்டாச் செலவு வேறு. ஆகவே இணையத்தை மிக முக்கியமான சிறிய கோப்புகளுக்கு வையுங்கள்: ஆய்வுக் கட்டுரை, காணி உறுதி, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் படப்பிரதி. படப்பிரதி மூலத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் அலுவலகத்தில் பதிவேட்டைத் தேடியெடுப்பது இலகு.

இலங்கையில் நூல்களை எரித்த காலமும் இருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இன்று ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படம்பிடித்து எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருக்கிறது. பெரியதொரு சமூகம் செய்வதைச் சிறியதொரு குடும்பம் தன் அளவில் செய்வதுதான் காப்புப் பிரதி.

இந்த இதழை மூடிவைத்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். மடிக்கணினியின் துளையைப் பார்த்து அதன் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை என்று குடும்பமாக இருந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். கடலுக்கு எட்டாத ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று உம்மாவிடம் கேளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போனால் எதை வாங்குவது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.